காலஞ்சென்ற என் அப்பா வளர்த்தது

"பேருக்கு முன்னாடி 'காலஞ்சென்ற'ன்னு சேர்த்து எழுதுங்க. நீங்க எழுதுற மாதிரியேதான் வாசல் பலகையில வரும்" என்றாள் மரணக்கூடத்து அலுவலகப் பெண்.

மிசோன் பேனாவைத் தாளில் ஊன்றினாள். 'கா' என்று எழுதிவிட்டு நின்றாள்.

"தப்பா எழுதிட்டீங்களா? வேற தாள் தரட்டுமா?"

"இல்லைங்க, சரியாத்தான் இருக்கு."

எழுதி முடித்தாள். காலஞ்சென்ற பியோ ஜோங்-சிக், வயது அறுபத்தெட்டு. வியாழன் காலை ஆறு நாற்பது. மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மூன்றாம் அறை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எடுப்பு. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் தாளை அந்தப் பெண்ணின் பக்கம் தள்ள அவளுக்குக் கை வரவில்லை.

அப்பாவின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை அவள் எழுதுவது இது இரண்டாம் முறை. முதல் முறை எழுதியபோது அப்பா அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்து வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் அறையில் அண்ணன் ஜின்மோ கறுப்புக் கோட்டு மாட்டி, துக்கக் கைப்பட்டையை ஊசியால் குத்திக்கொண்டிருந்தான். சாங்வோனிலிருந்து விடிய விடிய வண்டி ஓட்டி வந்தவன், அப்பாவை உயிரோடு பார்க்க இருபது நிமிடம் பிந்திவிட்டான். அழுது முடித்து, இப்போது வேலை பார்க்கும் முகத்தோடு இருந்தான். அப்பாவின் கைபேசியை அவளிடம் நீட்டினான்.

"சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். இந்த ஆர்க்கிட் ஏலக் குழுவுக்கு நீயே அனுப்பு. எனக்கு இதுல ஒரு மனுஷப் பேரும் தெரியலை. 'காட்டுப்பன்றி'யாம். 'மழைக்கு முந்தி'யாம். 'மாமியார் வீடு'ன்னு ஒருத்தன். நூத்துப் பதினாலு பேர். இவங்கள்லாம் யாரு?"

"செடி வாங்கி விக்கிறவங்க."

"அப்பா என்ன பேர்ல இருக்காரு?"

"வறண்ட வயல்."

அழுது வீங்கிய முகத்தோடு அண்ணன் சிரித்துவிட்டான். "அதுவும் சரிதான். நாம பணம் கேட்டா வறண்ட வயல்தான்."

மூலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "செடின்னா ஆத்து வெள்ளம்."

மிசோன் அறிவிப்பைத் தட்டினாள். தங்கள் உறுப்பினர் 'வறண்ட வயல்', காலஞ்சென்ற... அந்தச் சொல்லை இந்தக் குழுவில் எழுத வேண்டியிருந்தது. நூற்றுப் பதினாலு பேரில் யாருக்காவது நினைவு இருக்குமோ? இரண்டு வருடம் முன்பு 'மார்ச் மழை' என்ற புதிய பெயரில் ஒருத்தி ஒரே ஒரு செடியை விற்றுவிட்டுக் காணாமல் போனாளே, அவளும் இதே சொல்லை இப்படித்தான் எழுதினாள் என்று? அபத்தம்தான். அவள் பயந்தது அவர்களுக்காக அல்ல. அந்தக் குழுவில் அன்றைக்கு அப்பாவும் இருந்தார். அவர் அதைப் படித்தாரா, இல்லையா? இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியாதது அது ஒன்றுதான். இனிமேல் கேட்கவும் முடியாது.

அனுப்பு என்பதை அழுத்தினாள்.

நடந்தது இதுதான். அவள் மனத்துக்குள் பலமுறை வரிசையாக அடுக்கிப் பார்த்தது.

அந்த வருடம் ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பல் மருத்துவமனை வரவேற்பு மேசை வேலையிலிருந்து அவளை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வரும்போது மணி எட்டு அடித்துப் பத்து நிமிடம். அம்மா கோரஸ் குழுவுக்குப் போயிருந்தாள். அப்பா சூடான தரையில் சம்மணம் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியை மூக்கருகே பிடித்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டு மணிக்கு ஏலம். முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் நேரம் தவறாமல் போய்ச் சேரும் ஒரே இடம் அதுதான்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"மூணு நிமிஷம் பொறு கடைக்குட்டி. மூணே நிமிஷம்."

நின்றாள். ஆனால் அந்த ஏலத்தில் ஒரு விதி உண்டு. முடியப்போகும் கடைசி மூன்று நிமிடத்துக்குள் யாராவது விலை ஏற்றினால், கடிகாரம் மறுபடி மூன்று நிமிடத்துக்குத் திரும்பிவிடும். அன்று யாரோ ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மூன்று நிமிடம், இன்னொரு மூன்று, இன்னொரு மூன்று. கோட்டைக்கூடக் கழற்றாமல் எட்டு இருபத்தைந்து வரை நின்றுவிட்டுக் குளிக்கப் போனாள். குளியலறைக் கதவுக்கு வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "என்னமோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்லைப்பா."

அவர் கேட்டார் என்பதை அவள் விட்டுவிடாமல் வரிசையில் சேர்த்துக்கொள்வாள். கேட்கத்தான் செய்தார்.

மறுநாள் முதல் வழக்கம்போல் எட்டரைக்குக் கிளம்பி, நகராட்சி நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கம்போல் ஏழரைக்குத் திரும்பினாள். மாதம் பிறந்தால் வீட்டுச் செலவுக்கு அம்மா கையில் பண உறை கொடுக்க வேண்டும். பிப்ரவரி வரை சேமிப்பு தாங்கியது.

அப்பாவின் பால்கனியில் நாற்பத்திரண்டு தொட்டிகள். மலைச்சரிவுகளில் வளரும் வசந்த ஆர்க்கிட். வெளியாளுக்குப் புல் மாதிரி இருக்கும். இலையில் ஒரு கோடு, ஒரு நிறம் வழக்கத்துக்கு மாறாக வந்துவிட்டால், ஒரு முளைக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். அவற்றில் ஒன்றுதான் இலை நடுவில் முட்டைக்கரு மஞ்சளில் ஒரு பட்டை ஓடியது. இலையே இல்லாத ஒரு கிழட்டுக் கிழங்காக, ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு அப்பா ஏலத்தில் எடுத்தது. முதல் முளை வர மூன்று வருடம். ஐந்து முளையாகப் பதினொரு வருடம். பெயர்கூட வைக்கவில்லை. "இன்னும் அது தன்னைக் காட்டி முடிக்கலை" என்பார்.

மார்ச் மாதம் ஒரு பிற்பகல், வீட்டில் யாரும் இல்லாதபோது, அதிலிருந்து இரண்டு முளைகளை மிசோன் வெட்டி எடுத்தாள். ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் கத்தரியைத் தீயில் காட்ட வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து பார்த்தது. அவசரத்தில் காட்டவில்லை. தொட்டியின் வெட்டுப்பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். தன் அறை அலமாரிக் கதவில் சாய்த்துப் படம் எடுத்தாள். அன்று இரவு ஏலக் குழுவில் பதிந்தாள். விற்பவர் நிரப்ப வேண்டிய கட்டங்கள் மூன்று. பெயர், எத்தனை முளை, வந்த இடம்.

வந்த இடம் என்ற கட்டத்தில்தான் அவள் தயங்கினாள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத செடியை யாரும் தொடமாட்டார்கள். அப்பாவின் நண்பர்கள் இவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசியது காதில் இருந்தது: "செத்தவன் பிள்ளைங்க விக்கிறாங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு விலை கேளுடா. அதுகளுக்கு ஒரு மண்ணும் தெரியாது." அதை நினைத்துத்தான் எழுதினாள். காலஞ்சென்ற என் அப்பா வளர்த்தது. எனக்கு ஆர்க்கிட் பற்றி ஒன்றும் தெரியாது.

அடுத்த அறையில் நகவெட்டி 'டிக், டிக்' என்றது.

'கல்பாலம்' என்ற பெயருடைய யாரோ எடுத்தார்கள். அவள் எதிர்பார்த்ததைவிட இருமடங்குக்கு மேல். ஈரப் பாசியை வேரில் சுற்றி, செய்தித்தாளில் உருட்டி, கிழிந்த ஸ்டாக்கிங்கை நாடாவாக நறுக்கிக் கட்டினாள். ரப்பர் வளையம் இலையை வெட்டிவிடும். தாம்யாங் ஊரில் ஓர் அரிசிக் கொழுக்கட்டைக் கடை முகவரி. பெறுபவர் ஒரு பெண். நான்கு நாள் கழித்து வாங்கியவரின் குறிப்பு வந்தது. அதை அவள் நூறு முறையாவது படித்திருப்பாள்.

"பத்திரமாக வந்து சேர்ந்தது. கட்டிய கை பழகிய கை. உங்கள் அப்பா நன்றாக வளர்த்திருக்கிறார். அவருக்கு என் அஞ்சலி. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டில், அப்பா சாற்றுக் கிண்ணத்தைப் பார்த்தபடி அம்மாவிடம் சொன்னார்: "நடுப்பட்டையில ரெண்டு முளை அழுகிடுச்சு. வெட்டிப் போட்டுட்டேன்."

அம்மா, "அழுகுதா? மனுஷங்களுக்கு ஒரு விசிறி, அதுகளுக்கு ரெண்டு விசிறி. இன்னும் என்ன வேணுமாம்?" என்றாள்.

மிசோனின் கரண்டி கிண்ணத்தில் நின்றது. அவர் வெட்டவில்லை. வெட்டியது அவள். வயதாகி எதையாவது எதோடாவது குழப்பிக்கொண்டாரா? வேறு தொட்டியைச் சொல்கிறாரா? கேட்டால் தானாக மாட்டிக்கொள்வோம் என்று கேட்கவில்லை. மழைக்காலத்தில், தீயில் காட்டாத கத்தரியின் கைங்கரியம், மிச்சம் இருந்த மூன்று முளைகளும் அடியிலிருந்து கறுத்தன. அப்பா தொட்டியைக் கழுவி, வெயிலில் காய வைத்து, வெறுமையாக அதே இடத்தில் கவிழ்க்காமல் வைத்தார். பிறகு வேறு எதையும் அதில் நடவில்லை. ஜூன் மாதமே அவளுக்கு ஒரு கண் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. வேலை மாற்றிக்கொண்டதாகச் சொன்னாள். "நல்லது" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டியில் வைக்கும் சடங்கு. கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தவர்களை உள்ளே அழைத்தார்கள். அப்பாவுக்குச் சணல் துணி உடுத்தி, கைகளைச் சுற்றிக் கட்டி, முகம் மட்டும் திறந்திருந்தது. கட்டியவர்களின் முடிச்சுகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தன.

"கடைசியா சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க" என்றார் சடங்கு நடத்துபவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணு நிமிஷம் எடுத்துக்கங்க. அடுத்த குடும்பம் வெளியே காத்திருக்காங்க."

அம்மா அப்பாவின் கன்னத்தைப் புறங்கையால் தடவினாள். "போற இடத்துல செடி கிடி வாங்காதீங்க. அப்படியே வாங்கினாலும் எனக்கு உட்கார ஒரு இடம் விட்டு வைங்க, சொல்லிட்டேன்." அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு, "பிந்திட்டேன்பா, பிந்திட்டேன்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

மிசோன் நெற்றிப்பக்கம் நின்றாள். புதன்கிழமை மாலை, ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு அப்பா அவளிடம் கேட்டது, "பால்கனி ஜன்னலைத் திறந்து வச்சியா?" என்பது. "திறந்துட்டேன்பா" என்றாள். திறக்கவில்லை, மருத்துவமனையிலிருந்து அவள் வீட்டுக்கே போயிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவரோடு அவள் பேசிய கடைசிப் பேச்சும் பொய்தான். இப்போது எதிலிருந்து தொடங்குவது? ஜன்னலிலிருந்தா, கத்தரியிலிருந்தா, அந்தச் சொல்லிலிருந்தா? அண்ணன் முழங்கையால் இடித்தான்.

"ஏதாவது சொல்லேன்."

"அப்புறம் சொல்றேன்" என்றாள்.

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்னது என்ன என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. மூடியை எடுத்து வைத்தார்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஆர்க்கிட்காரர்கள் வந்தார்கள். எட்டுப் பேர். எல்லாருக்கும் கறுப்புக் கோட்டு, எல்லார் நகக்கண்ணிலும் பாசிப் பச்சை. வாசலில் வருகைப் புத்தகமும் மொய் உறைப் பெட்டியும் வைத்த மேசைக்குப் பின்னால் மிசோன் உட்கார்ந்திருந்தாள். ஏலத்தில் மட்டும் பழகியவர்கள் பெயரைச் சொன்னால் அந்த வீட்டார்க்குத் தெரியாது என்று, அவர்கள் வழக்கப்படி, உறையில் பெயரும் அடைப்புக்குறிக்குள் ஏலப் பெயரும் எழுதியிருந்தார்கள்.

"நான்தாம்மா காட்டுப்பன்றி" என்றார் ஒல்லியான ஒருவர், பரிதாபமாக.

கடைசியாக யோம் மாமா. சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர். அப்பாவைவிட ஐந்து வயது இளையவர், இவர்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து போகும் ஆள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு யோம் மாமா. அவருக்கும் ஓர் ஏலப் பெயர் இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை. இரண்டு கையாலும் உறையை நீட்டினார். வாங்கிப் பார்த்தாள்.

யோம் சாங்-கில் (கல்பாலம்).

அவளுடைய கை உறையோடு மேசையில் படிந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் காலணியைக் கழற்றி, குதிகாலை ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போவது மட்டும் தெரிந்தது. படத்துக்கு இரண்டு முறை விழுந்து வணங்கினார். அண்ணனுக்கு ஒரு முறை. எழும்போது தரையில் கை ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

காரமான மாட்டிறைச்சிச் சாறும் சோறும் வந்தன. இளையவர் ஒருவர் பழக்கத்தில் சோஜு மதுக் கிண்ணத்தை இடிக்க நீட்ட, பக்கத்திலிருந்தவர் கையில் அடித்தார். "மடையா, கல்யாண வீடா இது? சாவு வீட்டுல கிண்ணம் இடிப்பாங்களா?" பேச்சு மெல்ல செடிக்குத் திரும்பியது. அப்பா ஒருமுறை வெறும் வெங்காயத்தாளை ஆர்க்கிட் என்று படம் போட்டு எல்லாரையும் ஏமாற்றியது. காட்டுப்பன்றி அதற்கும் விலை கேட்டது.

"ரெண்டாவது இலையில ஒரு திருப்பம் இருந்துச்சுய்யா. சத்தியமா" என்றார் காட்டுப்பன்றி.

மணி எட்டு. ஒரே நொடியில் எட்டுக் கோட்டுப் பைகளிலிருந்தும் ஏலம் தொடங்கும் மணி அடித்தது. ஒன்பதாவது மணி அப்பாவின் படத்துக்குக் கீழே, சாமந்திப் பூக்களுக்கு நடுவில் இருந்து வந்தது. அண்ணன் அவருடைய கைபேசியை அங்கே வைத்திருந்தான்.

பிறகு எல்லாரும் சேர்ந்தாற்போல் பையைத் தடவினார்கள். ஒருவர் தன் கைபேசியை அணைக்கத் தெரியாமல் தொடைக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் நிறுத்துறீங்க?" என்றாள் அம்மா. "விலை கேளுங்க, கேளுங்க. அவரு எழுந்து வர முடிஞ்சா இந்நேரம் உங்களை எல்லாம் முந்தியிருப்பாரு."

"அண்ணி..." என்றார் யோம் மாமா. படத்துக்குக் கீழே மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிசோன்தான் போய் நிறுத்தினாள்.

அவர்கள் கிளம்பும்போது யோம் மாமா அவளிடம், "வண்டி வரைக்கும் வாம்மா. ஒண்ணு கொடுக்கணும்" என்றார்.

வண்டி நிறுத்துமிடத்தில் விளக்கு வெளிச்சம் நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மங்கலாக இருந்திருக்கலாம் என்று பட்டது அவளுக்கு. பின்கதவைத் திறந்தார். அட்டைப் பெட்டி ஒன்று. மேலே செய்தித்தாள் கூம்பு.

"சாவு வீட்டுக்குள்ள ஆர்க்கிட் கொண்டு வர்றது முறையில்லைன்னு வெளியவே வச்சிட்டேன். பதவி உயர்வுக்குக் கொடுக்கிறதை இங்க நீட்டினா நாலு பேர் சிரிப்பாங்க."

அவள் செய்தித்தாளை விலக்கினாள். முட்டைக்கரு மஞ்சள் பட்டை. நான்கு முளை. அவள் விற்றது இரண்டு.

"நீ அனுப்பின கொழுக்கட்டைக் கடை என் மக கடை. தாம்யாங்ல" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், வண்டிக் கதவின் ரப்பரை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ஏலத்துல படம் வந்ததுமே உங்கப்பா எனக்கு போன் பண்ணினாரு. ஏலம் நடக்கும்போது யாரும் யாருக்கும் போன் பண்றதில்லை. 'யோம், அது என்னோடது. என் பேர்ல கேட்டா விக்கிறவங்க வெட்கப்பட்டு எடுத்துடுவாங்க. நீ உன் பேர்ல கேளு, எவ்வளவு போனாலும் விடாதே'ன்னாரு. நான் திருட்டுன்னு நினைச்சு, 'போலீசுக்குப் போலாம்ணே'ன்னேன். 'படத்துக்குப் பின்னாடி பாரு'ன்னாரு. பார்த்தேன். வெள்ளைக் கதவு, ஓரத்துல ஒரு ஸ்டிக்கர். நீலமா, டால்பினோட வால் மட்டும்."

நான்காம் வகுப்பில் அவள் ஒட்டியது. அதைச் சுரண்டி எடுக்கச் சொல்லி அம்மா திட்டியபோது, இருந்துட்டுப் போகட்டும் என்றது அப்பா.

"மாமா." செய்தித்தாளைத் திரும்ப மூடினாள். "படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்தது... அதை அப்பா படிச்சாரா?"

அவர் ரப்பரை இன்னொரு முறை அழுத்தினார். பொய் சொல்லலாமா என்று பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"போன்லயே படிச்சுக் காட்டினாரு. ரெண்டு தடவை."

"என்ன சொன்னாரு?"

"லைன் போயிடுச்சோன்னு ஹலோ, ஹலோன்னேன். அப்புறம், 'சரி, என் சாவுக்கு நானே மொய் எழுதுறேன். விலையை ஏத்து'ன்னாரு."

மிசோன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குக் கொண்டு போகலை. நீ பார்த்துடுவேன்னு. என் வீட்டுலயே வச்சிருந்தாரு. மாசம் ரெண்டு தடவை பஸ் ஏறி வந்து தண்ணி ஊத்திட்டுப் போவாரு. எனக்கு ஊத்தத் தெரியாதாம்." மூக்கை உறிஞ்சினார். "குறிப்புகூட அவரு சொல்லச் சொல்ல நான் அடிச்சதுதான். கடைசி வரி வேணாம்ணே, செடி விக்கிறவங்ககிட்ட யாராவது சாப்பாட்டைப் பத்தி எழுதுவாங்களான்னேன். 'அதுக்குத்தான் மத்ததெல்லாம். அதைப் போடு'ன்னாரு. நீ காலையில போய் நூலகத்துல உட்கார்ந்திருக்கிறதைப் பஸ்ல போகும்போது பார்த்திருந்தாரு போல. இறங்கி வெளியவே நின்னிருக்காரு. மத்தியானம் நீ ஒண்ணும் சாப்பிடலைன்னாரு."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அவர் கதவைச் சாத்தினார். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "பாசி காஞ்சிருந்தா மட்டும் தண்ணி" என்றார்.

சனிக்கிழமை அப்பாவின் சாம்பலை நினைவு மண்டபத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப மணி நான்கு. அண்ணன் கூடத்திலேயே படுத்துத் தூங்கிப்போனான். அம்மா உடை மாற்றாமல் அரிசி களைந்தாள். மிசோன் பால்கனிக்குப் போனாள். ஜன்னல் செவ்வாய்க்கிழமையிலிருந்து மூடிக் கிடந்தது. உள்ளே புழுக்கம். இரண்டு பக்கமும் முழுக்கத் திறந்தாள்.

வெறுந்தொட்டி அதே இடத்தில் இருந்தது. யோம் மாமாவின் தொட்டியைப் பக்கத்தில் வைத்தாள். ஓரத்தில் பெயர்ச்சீட்டு, தலை மட்டும் தெரிய உள்ளே அழுந்தியிருந்தது. வந்து பார்ப்பவர்கள் படித்துவிடக் கூடாது என்று எல்லாரும் அப்படித்தான் குத்தி வைப்பார்கள். இழுத்தாள். கற்களுக்கிடையே உரசிக்கொண்டு வந்தது. பென்சில் எழுத்து. மை வெளுத்துவிடும், பென்சில் நிற்கும். அப்பாவின் எழுத்து, பேருந்து நேர அட்டவணை எழுதிப் பழகியது.

முதல் வரியில் பெயர் இல்லை. இரண்டாவது வரியில் இரண்டு வருடம் முந்தைய மார்ச் மாதத் தேதி. மூன்றாவது வரியில்:

வந்த இடம்: கடைக்குட்டி.

செடி கை மாறினால் புதிதாகச் சீட்டு எழுத வேண்டும். அப்பாவின் மேசை இழுப்பறையில் வெள்ளைச் சீட்டுகள் கட்டாக இருந்தன. சுற்றிக் கட்டியிருந்தது ஒரு ஸ்டாக்கிங் துண்டு. பழைய முடிச்சு, அவள் போட்டது. அவிழ்க்காமல் சீட்டுகளை அதற்குள் செருகியிருந்தார். அவளும் அவிழ்க்காமல் ஒன்றை மட்டும் உருவினாள். பென்சிலைக் கூர் பார்த்தாள்.

முதல் வரியை விட்டுவிட்டாள். இரண்டாவது வரியில் இன்றைய தேதி. மூன்றாவது வரியில், 'வந்த இடம்' என்பதற்குப் பின் ஒரு சொல்லுக்கு இடம் விட்டு, 'அப்பா' என்று எழுதினாள்.

பென்சில் அந்த இடத்துக்கு மேல் நின்றது.

"மிசோன்! சோறு ஆறுது, வா" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"மூணு நிமிஷம்மா" என்றாள்.